பெயரில்லாத குற்றம்

பத்துப் பேர். நேற்றுவரை ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தூங்கி, ஒன்றாகச் சண்டை போட்டவர்கள். இப்போது அவர்கள் முன்னால் சீட்டு குலுக்குகிறார்கள். ஒன்பது பேருக்கு ஆபத்தில்லை. ஒருவனுக்கு மட்டும் மரணம்.

கொல்லப்போகிறவன் எதிரியல்ல. மிச்சமிருக்கிற அந்த ஒன்பது பேரேதான். தடியால் அடித்தே கொல்லவேண்டும். முடித்துவிட்டு வந்தால் சாப்பாடு உண்டு. ஆனால் கோதுமை கிடையாது, பார்லிதான். படுக்கையும் முகாமுக்கு வெளியேதான்.

போரில் பின்வாங்கி ஓடிய படைகளுக்கு ரோமானிய ராணுவம் கொடுத்த தண்டனை இது. வழக்கொழிந்து கிடந்த இதை கி.மு. 71 வாக்கில் தூசு தட்டி எடுத்தவர் மார்க்கஸ் கிராஸஸ். ரோமின் பெரும் பணக்காரர். அடிமைகளின் தலைவன் ஸ்பார்ட்டகஸிடம் அடி வாங்கி, ஆயுதங்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர்களில் 500 பேரைத் தனியே பிரித்தார். பத்துப் பத்தாக 50 குழு. குழுவுக்கு ஒரு தலை. புளூட்டார்க் எழுதிவைத்திருக்கும் கணக்கு இது.

லத்தீனில் பத்துக்கு 'டெகெம்' என்று பெயர். பத்தில் ஒன்றை எடுப்பது டெசிமேஷன். பள்ளிக்கூடத்தில் நம்மைப் படுத்தியெடுத்த டெசிமலுக்கு நெருங்கிய சொந்தம். ஆங்கிலத்தில் 'டெசிமேட்' என்ற சொல் வந்தது இப்படித்தான்.

இந்தச் சொல்லிடம் நான் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன்.

பத்திரிகைக்கு வந்த புதிது. வெளிநாட்டுச் செய்தி ஒன்றைத் தமிழில் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏதோ ஒரு தேசத்தில் நோய் பரவி ஆட்டு மந்தைகள் 'டெசிமேட்' ஆகிவிட்டனவாம். நான் யோசிக்கவே இல்லை. 'மந்தைகள் முற்றிலும் அழிந்தன' என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் சீனியர் சப்-எடிட்டர் காத்திருக்கிறார்.

"முற்றிலும்னு யாருப்பா சொன்னா? அடுத்த பாராவுல மிச்ச ஆடுங்களுக்குத் தடுப்பூசி போடறாங்கன்னு நீயே எழுதியிருக்க. செத்த ஆட்டுக்கா ஊசி போடறான்?"

"இல்ல சார், அழிவுன்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு..."

"நீ பி.காம்தானே? நஷ்டத்துல எத்தனை வகைன்னு காலேஜ்ல சொல்லித்தரலையா?"

சொல்லித்தந்திருந்தார்கள். நான்தான் அதை அக்கவுண்ட்ஸ் நோட்டோடு பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டேன்.

வணிகவியல் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு கம்பெனியின் சொத்து குறைந்துவிட்டது என்று மொட்டையாக எழுதமுடியாது. மிஷின் பழசாகிப்போனால் தேய்மானம். கடன் வாங்கினவன் ஓடிப்போனால் வாராக்கடன். பெட்ரோல் ஆவியாகிப்போனால் அது இயல்பான நஷ்டம். குடோன் தீப்பிடித்தால் இயல்புக்கு மாறான நஷ்டம். எல்லாமே போனதுதான். ஆனால் எந்தத் தலைப்பில் எழுதுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் அதற்கு யார் பொறுப்பு, யார் பணம் கட்டவேண்டும் என்பது முடிவாகும். இன்ஷூரன்ஸ்காரர் வந்து முதலில் கேட்பது எவ்வளவு போச்சு என்றல்ல. எப்படிப் போச்சு என்றுதான்.

மனித உயிர்களுக்கும் இதே கதைதான். இதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

முதலில் ஆங்கிலத்தின் அழிவு அகராதியைக் கொஞ்சம் புரட்டிவிடலாம். அதில் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு விதமாக அழிக்கும்.

'டெஸ்ட்ராய்' பொதுச்சொல். கட்டியதைக் கலைப்பது என்பது அதன் லத்தீன் வேர். 'டிமாலிஷ்' கட்டடத்துக்கு ஏற்றது. இடிப்பதற்கு ஒரு திட்டம், ஒரு உத்தரவு இருக்கும். 'ரூயின்' தானாகவும் நடக்கும். சரிந்து விழுவது என்று பொருள். கவனிக்காமல் விட்டால் ஒரு கோட்டை ரூயின் ஆகும், ஒரு குடும்பமும் ஆகும். 'டெவஸ்டேட்' என்றால் ஒரு பிரதேசத்தையே வெறுமையாக்குவது. புயல் செய்யும், படையெடுப்பு செய்யும். 'எராடிகேட்' வேரோடு பிடுங்குவது. நம்முடைய 'நிர்மூலம்' கிட்டத்தட்ட இதுவேதான், மூலம் என்றாலும் வேர்தான். பெரியம்மையை எராடிகேட் செய்துவிட்டோம் என்று உலக சுகாதார நிறுவனம் 1980-ல் அறிவித்தபோது அந்தச் சொல்லைச் சந்தோஷமாகவே பயன்படுத்தியது. 'அனிஹிலேட்' என்றால் ஒன்றுமே இல்லாமல் ஆக்குவது. 'நிஹில்' என்றால் சூன்யம். 'ஆப்லிட்டரேட்' இன்னும் விசேஷம். எழுத்தை அழிப்பது என்பது அதன் பொருள். அழிந்தது மட்டுமல்ல, அப்படி ஒன்று இருந்த தடயமும் போய்விட வேண்டும்.

'ஹேவக்' என்ற சொல்லைப் பாருங்கள். இன்று மழை, டிராபிக், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என யார்வேண்டுமானாலும் ஹேவக் செய்கிறார்கள். இடைக்கால ஐரோப்பாவில் அது போர்க்களத்துக் கூச்சல். தளபதி 'ஹேவக்' என்று கத்தினால், இனி கட்டுப்பாடு கிடையாது, கிடைத்ததைச் சுருட்டிக்கொள்ளலாம் என்று வீரர்களுக்கு அனுமதி. அந்தக் கூச்சல் கேட்டதும் படை படையாக இருக்காது, கொள்ளைக் கூட்டமாகிவிடும். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் 1385-ல் தன் படைக்கு விதிகள் போட்டபோது, அனுமதியின்றி ஹேவக் என்று கத்துகிறவனின் தலையை வெட்டச் சொன்னார். ஒரே ஒரு சொல்லை உச்சரித்ததற்கு மரண தண்டனை. சொல்லுக்கு எவ்வளவு சக்தி உண்டு என்பது அந்தக்கால ராஜாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது 'எக்ஸ்டெர்மினேட்'. இன்றைக்கு எலி, கரப்பான் ஒழிப்பு விளம்பரங்களில் வரும் வார்த்தை. லத்தீனில் இதற்கு ஆரம்பத்தில் கொல்வது என்ற அர்த்தமே இல்லை. 'டெர்மினஸ்' என்றால் எல்லை. எல்லைக்கு வெளியே துரத்துவதுதான் எக்ஸ்டெர்மினேட். காலப்போக்கில் உயிரைவிட்டே துரத்துவது என்றாகிவிட்டது. முதலில் ஊரைவிட்டு விரட்டு, அப்புறம் உலகத்தைவிட்டு விரட்டு. இந்தச் சொல்லின் பரிணாமத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சரித்திரம் பின்னால் இதே வரிசையில் நடக்கப்போகிறது.

இப்போது வாண்டல்களிடம் வருவோம்.

ஜெர்மானியப் பழங்குடிகளில் ஒரு பிரிவு. ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து, ஸ்பெயின் வழியாக வட ஆப்பிரிக்காவுக்குப் போய், கார்த்தேஜைத் தலைநகராக்கிக்கொண்டவர்கள். 455-ல் அவர்களுடைய மன்னர் கெய்செரிக் கப்பல் கப்பலாக வந்து ரோமுக்குள் நுழைந்தார். 14 நாள் நிதானமான கொள்ளை. ஜூபிடர் கோயில் கூரையில் பாதியைக்கூட விட்டுவைக்கவில்லை. அதற்குத் தங்க முலாம் பூசியிருந்தார்கள்.

ஆனால் போப் லியோ நேரில் போய்க் கேட்டுக்கொண்டதால் படுகொலையும் தீவைப்பும் வேண்டாமென்று கெய்செரிக் ஒப்புக்கொண்டதாக அக்காலத்துக் குறிப்பு சொல்கிறது. கொள்ளையடிக்க வந்தார்கள், அடித்தார்கள், போனார்கள். அவர்களைவிட மோசமாக நடந்துகொண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயரெல்லாம் அகராதியில் ஏறவில்லை. வாண்டல்களுக்கு நேரம் சரியில்லை.

அந்தப் பெயரைக் குற்றத்தின் பெயராக்கியவர் ஒரு பாதிரியார். பெயர் ஆன்றி கிரெகுவார். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்.

புரட்சியின் உச்சத்தில் பிரான்சில் அரசர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டிருந்தார்கள். 1793-ல் செயின்ட் டெனிஸில் அரச குடும்பத்துக் கல்லறைகளை உடைத்துத் தோண்டினார்கள். அதே வருடம் பாரிஸின் நாட்ர டாம் தேவாலய முகப்பில் வரிசையாக நின்ற 28 ராஜாக்களின் தலைகளைத் தட்டினார்கள். பரிதாபம், அவர்கள் பிரான்சின் ராஜாக்களே இல்லை. பைபிளில் வரும் யூதேயா நாட்டு மன்னர்கள். கிரீடம் இருந்தது, அதனால் தலை போனது. (அதில் 21 தலைகள் 1977-ல் பாரிஸில் ஒரு கட்டட வேலையின்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன.)

கிரெகுவார் மன்னராட்சியை வெறுத்தவர். ஆனாலும் இந்த உடைப்பு அவருக்குப் பொறுக்கவில்லை. சிலையும் ஓவியமும் நூலகமும் ராஜாவின் சொத்தல்ல, இனி மக்களின் சொத்து என்றார். 1794-ல் தேசியப் பேரவைக்குக் கொடுத்த அறிக்கையில் இந்தச் செயலுக்கு ஒரு பெயர் வைத்தார். வாண்டலிசம். பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் இதைப்பற்றி அவர் சொன்னது முக்கியமானது. அந்தக் காரியத்தைக் கொல்வதற்காகவே அந்தச் சொல்லை உண்டாக்கினாராம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு தீமைக்குப் பெயர் இல்லாதவரை அது புரட்சி, தேசபக்தி, ஆவேசம் என்று ஏதாவது ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு நடமாடும். பெயர் வைத்துவிட்டால் ஒளிய இடமில்லை.

கிரெகுவார் செய்ததைச் சுமார் 140 வருடம் கழித்து இன்னொருவர் கையிலெடுத்தார். ரஃபேல் லெம்கின்.

1900-ல் பிறந்தவர். போலந்து யூதக் குடும்பம். பிறந்த பண்ணை அன்று ரஷ்யப் பேரரசில் இருந்தது, இன்று பெலாரஸில் இருக்கிறது. பல மொழிகள் கற்றவர். லிவோவ் பல்கலைக்கழகத்தில் முதலில் மொழியியல், அப்புறம் சட்டம் படித்தார். அந்த ஊர் இன்று உக்ரைனில் லிவிவ் என்ற பெயரில் இருக்கிறது.

1921 மார்ச்சில் பெர்லின் தெருவில் ஒரு கொலை நடந்தது. சுடப்பட்டவர் தலாத் பாஷா. ஒட்டோமான் அரசின் முன்னாள் உள்துறை அமைச்சர். 1915-ல் தொடங்கிய ஆர்மீனியப் படுகொலைகளின் சூத்திரதாரி. இறந்த ஆர்மீனியர்கள் பத்து லட்சம் பேர் இருக்கும் என்கிறார்கள், அதற்கு மேலும் சொல்கிறார்கள். சுட்டவர் சோகோமோன் தெலிரியான் என்ற ஆர்மீனிய இளைஞர்.

லெம்கின் தன் பேராசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டார். பத்து லட்சம் பேரைக் கொன்ற தலாத்தை ஏன் யாரும் கைது செய்யவில்லை?

பேராசிரியரின் பதிலை லெம்கின் சாகிறவரை மறக்கவில்லை. ஒரு விவசாயி கோழி வளர்க்கிறான். அவற்றை அவனே கொல்கிறான். அது அவன் பாடு. நீ தடுக்கப் போனால் நீதான் அத்துமீறி நுழைந்தவன்.

அதாவது, ஒரு நாட்டின் இறையாண்மை என்பது அந்த நாட்டு ஜனங்களைக் கொல்லும் உரிமையும் சேர்த்துத்தான். ஒரு ஆளைக் கொன்றால் குற்றம், பத்து லட்சம் பேரைக் கொன்றால் உள்நாட்டு விவகாரம். இது எப்படி நியாயம் என்ற கேள்வி லெம்கினைப் பிடித்துக்கொண்டது. (தெலிரியானை பெர்லின் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது என்பது தனிக்கதை.)

1933. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாட்ரிட் நகரில் ஒரு சர்வதேசச் சட்ட மாநாடு. அதற்கு லெம்கின் ஒரு யோசனையை எழுதி அனுப்பினார். இரண்டு புதிய குற்றங்களை உலகம் முழுவதும் தண்டிக்கவேண்டும். ஒரு மக்கள் கூட்டத்தை அழிப்பதற்கு அவர் வைத்த பெயர் 'பார்பரிட்டி', காட்டுமிராண்டித்தனம். அந்தக் கூட்டத்தின் கலையை, கோயிலை, நூலகத்தை அழிப்பதற்கு வைத்த பெயர்... ஆம், வாண்டலிசம். கிரெகுவாரின் அதே சொல்.

யோசனை எடுபடவில்லை. மாநாட்டுக்குப் போகவே அவரை போலந்து அரசு அனுமதிக்கவில்லை.

1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. லெம்கின் தப்பி ஓடினார். வழியில் பெற்றோரைப் பார்த்து, கிளம்பி வந்துவிடுங்கள் என்று கெஞ்சினார். அவர்கள் வரவில்லை. லிதுவேனியா, ஸ்வீடன், சோவியத் யூனியன், ஜப்பான் என்று பூமியைச் சுற்றிக்கொண்டு 1941 ஏப்ரலில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். கைச்சுமையில் துணிமணியைவிடக் காகிதம் அதிகம். ஜெர்மனி தான் பிடித்த நாடுகளில் போட்ட உத்தரவுகளின் பிரதிகள். ஜெர்மானியனுக்கு இவ்வளவு ரேஷன், போலந்துக்காரனுக்கு அதைவிடக் குறைவு, யூதனுக்கு அதைவிடவும் குறைவு. இந்த மொழியில் பள்ளிக்கூடம் நடத்தக்கூடாது. இன்னார் கல்யாணம் செய்ய அனுமதி வாங்கவேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் சாதாரண அரசாணைகள். வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு கொலைத் திட்டம்.

அதே வருடம் ஆகஸ்ட் 24 அன்று பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் வானொலியில் பேசினார். ரஷ்ய மண்ணில் ஜெர்மனி நடத்தும் படுகொலைகளை விவரித்துவிட்டு, பெயரே இல்லாத ஒரு குற்றத்தின் முன்னால் நிற்கிறோம் என்றார். வார்த்தை ஜாலத்துக்குப் பேர்போன மனிதர். அவரிடமே சொல் இல்லை.

ஏன் இல்லை? இதற்குள் நாம் பார்த்த சொற்கள் போதாதா? போதாது. டெசிமேட் என்றால் பத்தில் ஒன்று. டெவஸ்டேட் நிலத்துக்கு. ஹேவக் என்பது கட்டுப்பாடு இழந்த வெறியாட்டம். இங்கே நடப்பதோ கட்டுப்பாட்டின் உச்சம். ரயில் நேர அட்டவணை போட்டு, ரசீது போட்டு நடக்கிற வேலை. கொல்கிறவர்களிடமோ சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. 'இறுதித் தீர்வு' என்றார்கள். 'விசேஷ கவனிப்பு' என்றார்கள். எல்லாமே சோப்பு போட்டுக் கழுவிய சொற்கள். அழிப்பவன் எப்போதும் மென்மையான வார்த்தையைத்தான் தேர்ந்தெடுப்பான். பின்னாளில் யூகோஸ்லாவியாவில் 'இனச் சுத்திகரிப்பு' என்றார்களே, அதுவும் இந்த ரகம்தான். மனிதர்களை அழுக்கென்று முதலில் முடிவு செய்துவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் துப்புரவுப் பணி.

லெம்கின் சொல் தேட ஆரம்பித்தார். இந்த இடத்தில் ஒரு காமர்ஸ்காரனுக்குப் பிடித்தமான விஷயம் இருக்கிறது. நோட்டுப் புத்தகங்களில் அவர் சொற்களை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர், கேமரா கம்பெனி முதலாளி ஜார்ஜ் ஈஸ்ட்மன். 'கோடாக்' என்ற பெயரை ஈஸ்ட்மன் எப்படி உண்டாக்கினார்? சின்னதாக இருக்கவேண்டும், யாராலும் தப்பாக உச்சரிக்க முடியக்கூடாது, வேறெந்தச் சொல்லையும் ஞாபகப்படுத்தக்கூடாது. லெம்கின் இதைப் படித்துக் குறித்துவைத்துக்கொண்டார். உலகின் மிகக் கொடிய குற்றத்துக்குப் பெயர் வைக்க, பிராண்ட் பெயர் வைக்கும் சூத்திரம்.

கிரேக்கத்தில் 'கெனோஸ்' என்றால் இனம். லத்தீன் வேரிலிருந்து வந்த 'சைட்' என்றால் கொலை. ஒட்டவைத்தார். ஜெனோசைட். 1944 நவம்பரில் வெளியான அவருடைய 'ஆக்ஸிஸ் ரூல் இன் ஆக்குபைட் யூரோப்' புத்தகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் அந்தச் சொல் உலகத்துக்கு அறிமுகமானது. இனப்படுகொலை என்று நாம் தமிழில் சொல்வது இதைத்தான்.

யூதப் படுகொலைக்கு 'ஹோலோகாஸ்ட்' என்ற பெயர் நிலைத்தது பின்னால்தான். அது ஒரு பழைய கிரேக்கச் சொல். முழுவதுமாக எரித்துக் கடவுளுக்குப் படைக்கும் பலி. யூதர்களிலேயே பலருக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. இது பலியா? எந்தக் கடவுள் கேட்டார்? அவர்கள் 'ஷோவா' என்கிறார்கள். ஹீப்ருவில் பேரழிவு.

1945-ல் நூரம்பர்க் விசாரணை தொடங்கியது. குற்றப்பத்திரிகையில் ஜெனோசைட் என்ற சொல் இடம்பெற்றது. 1946-ல் தீர்ப்பு வந்தபோது அதில் அந்தச் சொல் இல்லை. அங்கே முன்னுக்கு வந்தது வேறொரு சொல், 'மானுடத்துக்கு எதிரான குற்றம்'. அதற்காகப் பாடுபட்டவர் ஹெர்ஷ் லாட்டர்பாக்ட். லெம்கின் படித்த அதே லிவோவ் சட்டக் கல்லூரியில் படித்த யூதர். இரண்டு சொல்லுக்கும் என்ன வித்தியாசம்? ஆயிரம் தனி மனிதர்களைக் கொல்வது லாட்டர்பாக்டின் குற்றம். இன்ன இனத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, அந்த இனமே இருக்கக்கூடாது என்ற நோக்கத்தோடு கொல்வது லெம்கினின் குற்றம். நோக்கம். அந்த ஒரு வார்த்தையில்தான் இன்றுவரை வழக்கறிஞர்கள் மல்லுக்கட்டுகிறார்கள்.

தன் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்பதும் போர் முடிந்த பிறகுதான் லெம்கினுக்குத் தெரிந்தது. பெற்றோர் உட்பட 49 பேர் இல்லை. அண்ணன் தம்பிகளில் ஒருவரும் அவர் மனைவி மக்களும் மட்டும் பிழைத்திருந்தார்கள்.

வேறொருவராக இருந்தால் உட்கார்ந்திருப்பார். லெம்கின் ஐ.நா. வராந்தாக்களில் நடக்க ஆரம்பித்தார். கையில் பதவி இல்லை, காசு இல்லை. பார்க்கிற தூதரையெல்லாம் பிடித்து நிறுத்திப் பேசினார். அவரைக் கண்டாலே ஓடி ஒளிந்தவர்கள் உண்டு. ஆனால் 1946-ல் மூன்று நாடுகள் அவருடைய தீர்மானத்தைப் பொதுச்சபையில் கொண்டுவர முன்வந்தன. கியூபா, பனாமா, மூன்றாவது இந்தியா. நமக்கு அப்போது சுதந்திரமே வரவில்லை. நம் குழுவுக்குத் தலைமை விஜயலட்சுமி பண்டிட்.

1948 டிசம்பர் 9. பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஒருமனதாக நிறைவேற்றியது. அன்றிரவு பேட்டிக்காக லெம்கினைத் தேடியலைந்த நிருபர்கள் கடைசியில் அவரைக் கண்டுபிடித்தார்கள். எல்லோரும் போய்விட்ட இருட்டு மண்டபத்தில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. கலாசார அழிப்பை வெட்டிவிட்டார்கள். அதாவது அவருடைய பழைய வாண்டலிசம் வெளியே போய்விட்டது. அரசியல் குழுக்களை அழித்தாலும் அது இந்தக் கணக்கில் வராது என்றாகிவிட்டது. சோவியத் யூனியனுக்கு அதில் ரொம்ப அக்கறை.

அடுத்த பத்து வருடமும் ஒவ்வொரு நாடாகக் கையெழுத்து வேட்டை. 1959 ஆகஸ்ட் 27 அன்று இந்தியா உடன்படிக்கையை முறையாக ஏற்றது. மறுநாள், ஆகஸ்ட் 28 அன்று, நியூயார்க்கில் லெம்கின் மாரடைப்பில் இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர் என்கிறார்கள்.

அவர் தஞ்சமடைந்த அமெரிக்கா இதை ஏற்க 1988 ஆயிற்று. வில்லியம் பிராக்ஸ்மயர் என்ற செனட்டர் 1967-லிருந்து சபை கூடிய நாளெல்லாம் எழுந்து இதற்காகப் பேசினார். 3,211 உரைகள். எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். அவர் விடவில்லை.

சரி, பெயர் வைத்தாயிற்று, சட்டமும் வந்தாயிற்று. காரியம் செத்ததா?

1994 ஏப்ரல். ருவாண்டா. ஹூட்டு தீவிரவாதிகளின் வானொலி, டுட்சி மக்களை 'இன்யென்ஸி' என்று கூப்பிட்டது. கரப்பான்பூச்சி என்று அர்த்தம். எக்ஸ்டெர்மினேட் என்ற சொல் இன்று எங்கே புழங்குகிறது என்று பார்த்தோம் இல்லையா? முதலில் மனிதனைப் பூச்சியாக்கு. அப்புறம் மருந்தடி. சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர். பெரும்பாலும் அரிவாளும் தடியும்தான் ஆயுதம். கொன்றவர்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தார்கள்.

வாஷிங்டனில் என்ன நடந்தது? மே 1 தேதியிட்ட பென்டகன் குறிப்பு ஒன்று பின்னால் வெளியே வந்தது. ஜெனோசைட் என்ற சொல்லை உபயோகிப்பதில் கவனமாக இருங்கள், அப்படி முடிவு செய்துவிட்டால் அமெரிக்க அரசு உண்மையிலேயே ஏதாவது செய்தாகவேண்டி வரலாம் என்று அதில் எச்சரித்திருந்தார்கள். ஜூன் 10 அன்று வெளியுறவுத் துறையின் பேச்சாளர் நிருபர்களிடம், 'இனப்படுகொலைச் செயல்கள்' நடந்திருக்கின்றன என்று மட்டும் சொன்னார். இனப்படுகொலை என்று சொல்லமாட்டாராம். ராய்ட்டர்ஸ் நிருபர் விடவில்லை. எத்தனை இனப்படுகொலைச் செயல்கள் சேர்ந்தால் ஒரு இனப்படுகொலை ஆகும் என்று கேட்டார். பதில் இல்லை.

இன்ஷூரன்ஸ் ஞாபகம் வருகிறதா? குடோன் எரிந்துகொண்டிருக்கிறது. வாசலில் நின்றுகொண்டு இது தீ விபத்துதானா என்று பாலிசியைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். தீ என்று ஒப்புக்கொண்டால் பணம் கட்டவேண்டும்.

அதனால்தான் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு சண்டை. பாதிக்கப்பட்டவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுப் போராடுகிறார்கள். மற்றவர்கள் அதைத் தவிர எல்லாப் பெயரையும் சொல்கிறார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. டெசிமேட்டுக்கு ஆன கதி. கிரிக்கெட்டில் தோற்ற அணிக்கெல்லாம் உபயோகித்து உபயோகித்து, அந்தப் பத்தாவது ஆளை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கோபம் வந்தபோதெல்லாம் எடுத்து வீசினால் லெம்கினின் சொல்லும் நாளைக்குக் கூர் மழுங்கிப்போகும்.

ஆனால் அந்தச் சொல் வெறும் ஏட்டுச் சுரைக்காயும் அல்ல.

ருவாண்டாவுக்காக ஐ.நா. அமைத்த நீதிமன்றம் தான்சானியாவின் அருஷா நகரில் உட்கார்ந்தது. குற்றவாளிக் கூண்டில் ஜான் பால் அகயேசு. தபா என்ற ஊரின் மேயர், அதற்கு முன்னால் பள்ளி ஆசிரியர். மூன்று நீதிபதிகளில் ஒருவர் நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பஸ் டிரைவரின் மகளாகப் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண். பின்னாளில், 2008-லிருந்து 2014 வரை, ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்து இலங்கை விவகாரத்தில் நம் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபட்டாரே, அவரேதான்.

அகயேசு மீதான குற்றப்பத்திரிகையில் ஆரம்பத்தில் பாலியல் வன்முறை இல்லவே இல்லை. சாட்சி சொல்ல வந்த பெண்கள் பேசப் பேசத்தான் அது வெளியே வந்தது. நீதிபதிகள் மேலும் கேட்டார்கள். 1997-ல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று தீர்ப்பு. ஒரு சர்வதேச நீதிமன்றம் இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒரு மனிதனைத் தண்டித்தது அதுதான் முதல்முறை. ஒரு இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு அதன் பெண்களைப் பலாத்காரம் செய்வதும் இனப்படுகொலையே என்றது அந்தத் தீர்ப்பு. அதற்குமுன் அது போரின் பக்கவிளைவு என்ற கணக்கில் எழுதப்பட்டு வந்தது. தலைப்பு மாறியது. ஆயுள் தண்டனை.

உடன்படிக்கையிலிருந்து வெட்டிய வாண்டலிசமும் வேறு வழியில் திரும்பி வந்தது. மாலி நாட்டின் திம்புக்துவில் 2012-ல் புராதனச் சமாதிகளை இடித்த குழுவை நடத்திய அகமது அல் மஹதிக்கு, 2016-ல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஒன்பது ஆண்டு சிறை விதித்தது. அது போர்க்குற்றம் என்ற தலைப்பில். கிரெகுவார் இருந்திருந்தால் தலைப்பைப்பற்றிக் கவலைப்பட்டிருக்கமாட்டார்.

அந்த சீனியர் சப்-எடிட்டர் இன்றில்லை. அவர் சொல்லிக்கொடுத்த பழக்கம் மட்டும் இருக்கிறது. எந்தச் செய்தியிலாவது 'அழிந்தது' என்று வந்தால் பேனா தானாக நிற்கிறது. எவ்வளவு அழிந்தது? யார் அழித்தார்கள்? எதற்காக? மிச்சம் யாராவது இருக்கிறார்களா?

இருந்தால், அவர்களுக்குத் தடுப்பூசி போடவேண்டும்.